நான் எழுதிய இருபதாம் தேதி

மாமி,

முதலில் மன்னித்துவிடுங்கள். உங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று வருடம் குடியிருந்தவள் என்பதைத் தவிர, உங்களுக்கு எழுத எனக்கு எந்த உரிமையும் கிடையாது. இதை எழுத வேண்டியவர்கள் மாமாவும் உங்கள் பெண்ணும். அவர்கள் எழுதினால் அதில் அழுகை இருக்கும். என்னுடையதில் இருப்பது வேறு. அதனால்தான் ஏறக்குறைய ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டேன்.

இன்று மதியம் கிளினிக்கில் அந்த வாசனை வந்தது.

மாடியில் அக்குபங்சர் ஊசி போடும் அறையில், நடுத் திரைக்குப் பின்னால், மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா படுத்திருந்தார். டாக்டர் மோக்ஸா குச்சியைப் பற்றவைத்து அவருடைய கால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்துக்கு அருகே பிடித்துக்கொண்டிருந்தார். தோலில் படாமல், சூடு மட்டும் போய்ச் சேரும்படி. நாள்கணக்கில் நிற்காத உதிரப்போக்குக்குச் சீன வைத்தியத்தில் சூடு காட்டுகிற இடம் அது. அந்த அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுத்து, லேடி டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் இவர் குச்சியையே கையில் எடுத்தார். நான் கேஸ் ஷீட்டோடு வாசலில் நின்றேன். புகை மெதுவாக என் பக்கம் வந்தது. காய்ந்த மரிக்கொழுந்தை நெருப்பில் போட்டது மாதிரி ஒரு வாசனை.

இப்படிச் சொன்னது நீங்கள்தான். இதே அறையில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தீர்கள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாருக்கோ மோக்ஸா காட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மூக்கை உறிஞ்சி, "பெருமாள் மாலையை யாரோ அடுப்புல போட்டுட்டாளா?" என்றீர்கள். டாக்டர் சிரித்துவிட்டு, இது மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடிதான், காயவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறோம் என்றார். எனக்கு அது கிடையாதா என்று குழந்தை மாதிரி கேட்டீர்கள். உங்களுக்கே உடம்பெல்லாம் சூடு, உங்களுக்கு எதுக்கும்மா நெருப்பு என்று அவர் சொன்னார்.

கேஸ் ஷீட்டில் இருந்ததைப் பார்த்து அவர் சொன்ன பதில் அது. கேஸ் ஷீட்டை எழுதியவள் நான்.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். ஆனால் வரிசையாக எழுதாவிட்டால் நடுவில் எதையாவது விழுங்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. விழுங்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டத்தை வாங்கிக்கொண்டு புத்தூர் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே லேடி டாக்டர், மேலே அக்குபங்சர் டாக்டர், இரண்டு பேருக்கும் நடுவில் படியேறி இறங்கி நோயாளிகளின் விவரத்தை எழுதித் தருவது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தபோது, என்னைப் பார்த்ததும் மாமா கொஞ்சம் தயங்கினார். வேறு பழக்கவழக்கம், வேறு சாப்பாடு. நீங்கள்தான் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "குரலே வெளிய வரலை இந்தப் பொண்ணுக்கு. இவளால நமக்கு என்ன தொந்தரவு?" என்று முடித்துவைத்தீர்கள். என் குரல் வெளியே வராததுதான் எனக்கு வீடு வாங்கித் தந்தது. பிறகு அதுவே என்ன செய்தது என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

உங்களுக்கு நாற்பத்தொன்பது வயது. நான் குடிவந்த இரண்டாம் வருடம் சித்திரையிலிருந்தே உங்களிடம் ஏதோ மாறியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து, மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாகக் கட்டும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொள்வீர்கள். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் உடம்பு சில்லிட்டுப் போகும். "உள்ள யாரோ அடுப்பை மூட்டிட்டு, அணைக்காம ஊருக்குப் போயிட்டாடி" என்பீர்கள். "உங்க மாமிக்கு மார்கழியிலயும் ஃபேன் வேணும்" என்று மாமா என்னிடம் கேலி செய்வார். தூக்கம் போய்விட்டது. ஒருநாள் கொத்தமல்லிக் கட்டில் வேர் அதிகம் என்று காய்காரியிடம் சண்டை போட்டீர்கள். அவள் போன பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து, எனக்கு என்ன ஆகிறது என்று என்னைக் கேட்டீர்கள். எனக்குத் தெரியும். தினமும் அதைத்தானே எழுதுகிறேன். ஆனாலும், வெயில் மாமி, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவந்துவிட்டேன். முன்பின் தெரியாத பெண்களிடம் பேனாவோடு கேட்கிற கேள்வியை, உங்களிடம் கேட்க வாய் வரவில்லை.

ஆனியில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் பாதி வேலையில் திரும்பினேன். மொட்டைமாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால், நீங்கள் குத்துக்காலிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தீர்கள். பக்கெட் தண்ணீர் இருந்த நிறத்தைப் பார்த்தேன். கொடியில் மாமாவின் வேட்டியை விரித்து, அதற்கு அடியில் அந்தத் துணிகளை மறைத்து உலர்த்தியிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பக்கெட்டை உங்கள் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள். என்னவோ திருடி அகப்பட்டவர் மாதிரி. நானும் திருடி மாதிரிதான் நின்றேன்.

அன்றுதான் முழுவதும் சொன்னீர்கள். மாதத்தில் பதினைந்து நாள், சில மாதம் இருபது நாள் உதிரம் போகிறது. உங்கள் வீட்டில் அந்த நாட்களில் பின்கட்டு அறையில் தனிப் பாயும் தனித் தட்டுமாக விலகி உட்காரும் வழக்கம் இன்னும் இருந்தது. தெருவில் பாதி வீடுகளில் அது போய்விட்டது. உங்கள் வீட்டில் மாமா தினமும் பெருமாளுக்குத் திருவாராதனப் பூஜை செய்கிறவர், நீங்கள் சமைக்கும் தளிகைதான் பெருமாளுக்குப் படைக்கும் அமுது, அதனால் விடவில்லை. மூன்று நாள் என்றால் யாருக்கும் கஷ்டமில்லை. மாமா ரசம் வைத்துச் சமாளிப்பார். இருபது நாள் என்றால்? முதல் இரண்டு மாதம் நியாயமாக விலகி உட்கார்ந்து பார்த்தீர்கள். எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாக, "என்னடியம்மா, உனக்கு மாசம் பூராவும் தூரமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள். அதோடு, சரியாகிவிட்டது என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, ஒரு முடிவெடுத்துவிட்டீர்கள். காலண்டரைப் பார்த்து மாதாமாதம் இருபதாம் தேதி விலகி உட்காருவது, மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வருவது, மீதி நாட்களில் போவதை யாருக்கும் காட்டாமல் நடமாடுவது.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கோயிலிலிருந்து இரண்டு நிமிஷ நடையில் வீடு இருந்தும், தொடர்ந்து மூன்று வருடம் உங்களால் சொர்க்கவாசல் சேவிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த நாளில் பின்கட்டில் இருந்தீர்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாம் உங்கள் வாசலைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னீர்கள். "இந்த வருஷம் யார் தடுத்தாலும் போவேன். என் உடம்பே தடுத்தாலும் போவேன்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் உள்ளங்கை கொதித்தது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு நம்ம கோயில் தாயார் மேல சத்தியம் பண்ணு."

செய்தேன். சத்தியம் செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது. பேசாமல் இருக்கச் சொன்னால் அதைவிட எளிய வேலை எனக்கு உண்டா?

அதற்குப் பிறகு தென்னூர் மருந்துக் கடையில் உங்களுக்காக நாப்கின் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, மதிய சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். முதலில் வாரத்துக்கு ஒரு பாக்கெட். பிறகு மூன்று. கடைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே அக்கா, டாக்டரைப் பாருங்க" என்றாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது, டாக்டர்களுக்கு நடுவில் வேலை பார்க்கிற எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது மாமி. அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் உங்களை எங்கள் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். உதிரத்துக்காக அல்ல. மாமாவிடம் சொல்லக்கூடிய காரணங்களுக்காக: தூக்கமின்மை, படபடப்பு, திடீர்ச் சூடு. மாமாவும் லீவு போட்டுக் கூட வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது உங்களுக்கு ஜன்னலோர இடம் பிடித்துத் தந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்த மடல் சுலபமாக இருந்திருக்கும்.

லேடி டாக்டர் நன்றாகப் பேசினார். மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் சில வருடங்கள் இப்படித்தான் இருக்கும், உடம்பில் சுரப்பது ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும், மூளைக்கு உடம்பின் சூட்டை அளக்கிற கணக்கு குழம்பிவிடும், அதனால்தான் அடுப்பு மூட்டிய மாதிரி இருக்கிறது, பைத்தியம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். நீங்கள் மாமாவைத் திரும்பிப் பார்த்து, கேட்டுக்கொண்டீர்களா என்பது போலத் தலையசைத்தீர்கள். சூடு தாங்க முடியாமல் போனால் ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, பார்த்துத்தான் தரவேண்டும் என்றார். மேலே ஊசி வைத்தியம் சிலருக்குத் தூக்கத்துக்கு உதவுகிறது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்றார். பிறகு ஒன்று சொன்னார். "ஆனா உதிரப்போக்கு நாள் கூடினா, அளவு கூடினா, அதுக்கு நேரா எங்கிட்டதான் வரணும். அதை ஊசியாலயும் மாத்திரையாலயும் மூடிவைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள்.

மாமா பக்கத்து நாற்காலியில் இருந்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் கையில் பேனா இருந்தது. உங்களுக்கு முன்னால் நான் சொன்னேன்: "போன மாசம் இருபதாம் தேதி மேடம். மூணு நாள். மாசாமாசம் சரியா வருது." சொல்லிக்கொண்டே எழுதினேன். வீட்டுக்காக நீங்கள் வைத்திருந்த தேதியை, வைத்தியத்துக்கான தாளில் நான் எழுதினேன். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதென்றால் ஸ்கேனுக்கு அவசரமில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ரத்தத்தில் சத்து குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதினார்.

இதுவரை நான் செய்ததற்குச் சத்தியத்தைக் காரணம் சொல்லலாம். பல நாள் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். மாடியில் நடந்ததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

மேலே அக்குபங்சர் டாக்டர் நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னபோது, நீங்கள் முந்தானையை மணிக்கட்டின் மேல் போட்டு நீட்டினீர்கள். அவர் பொறுமையாக, துணி மேல் கை வைத்தால் எனக்குச் சேலையின் நாடிதான் தெரியும் என்றார். நீங்கள் சிரித்துவிட்டுத் துணியை எடுத்தீர்கள். இரண்டு கையிலும் மும்மூன்று விரல் வைத்து நெடுநேரம் கண்மூடி நின்றார். நாக்கை நீட்டச் சொன்னதும், நீங்கள் டாக்டரை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்து நீட்டினீர்கள். முப்பது வருட ஆசை அது என்று மாமா சொன்னார். அறையே சிரித்தது. உங்களோடு நான் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாக்கை மறுபடியும் காட்டச் சொன்னார். அந்த நேரத்தில் மாமாவுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனார். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தது நீங்கள், நான், டாக்டர். அவ்வளவுதான்.

"நாக்கு இப்படி வெளுத்திருக்கே. நாடியும் நூலாட்டம் இருக்கு. உதிரம் ஜாஸ்தி போகுதாம்மா?"

நீங்கள் படுத்திருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினீர்கள். "அது வந்து டாக்டர்..." என்று ஆரம்பித்தீர்கள்.

நான் குறுக்கே பேசினேன். "இல்ல சார். மூணு நாள்தான். ஷீட்ல இருக்கு."

மூன்று வருடத்தில் யார் பேச்சிலும் நான் குறுக்கிட்டதில்லை. அன்று மட்டும் குறுக்கிட்டேன். மாமா அங்கே இல்லை. காப்பாற்ற வேண்டிய ரகசியமும் அந்த நிமிஷத்தில் இல்லை. அதற்கு உரியவரே வாயைத் திறந்துவிட்டார். நான் காப்பாற்றியது என் தாளை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கீழே பொய்த் தேதி எழுதிவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் உண்மையைச் சொன்னால், தெரிந்தே பொய் எழுதினாயா என்று இரண்டு டாக்டர்களும் என்னைக் கேட்பார்கள். வேலை போகும். எங்கள் ஊரில், படித்த பெண்ணின் லட்சணம் இதுதானா என்று பேசுவார்கள். இவ்வளவும் அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. உங்கள் நாக்கும் நாடியும் உள்ளதைச் சொல்லிவிட்டன. நான் காகிதத்தைக் காட்டி அவற்றை அடக்கிவிட்டேன். டாக்டர் என்னை நம்பினார். எழுதுவதில் நான் தப்பு செய்யமாட்டேன் என்று அவருக்கு எண்ணம்.

நீங்கள் தலையைத் தலையணையில் திரும்ப வைத்துக்கொண்டீர்கள். அன்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று பிறகு நான் கேட்கவேயில்லை. நீங்களும் பேச்சை எடுக்கவில்லை. ஒருவேளை வேறெதையாவது சொல்ல வந்திருக்கலாம். அப்படி நினைத்துத் தூங்கப் பார்த்த நாட்கள் உண்டு.

வாரம் ஒருதரம் ஊசி. கணுக்காலுக்கு மேல் உட்புறத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, காதருகே ஒன்று. சாயங்காலத்துக்கு மேல் காபி கூடாது, படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைக்கவேண்டும் என்றார்கள். காபியை நிறுத்தியதற்கு நீங்கள் டாக்டரை ஒரு மாதம் திட்டினீர்கள். ஆனால் தூக்கம் வந்தது. வியர்ப்பது குறைந்தது. கீழே எனக்குக் கேட்கும்படி பாசுரம் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தீர்கள். எங்கள் மாடிப் பொண்ணு வேலை பார்க்கிற இடத்து வைத்தியம் நல்ல வைத்தியம் என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். நான் தலைகுனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்தார்கள். சூடு அடங்கியது உண்மை. அது அடங்கியதால் மற்றது மறைந்துபோனதும் உண்மை. மூன்று மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்ன நாளில், மார்கழி முடியட்டும் என்றீர்கள். சரி என்றேன். வாரத்துக்கு மூன்று பாக்கெட் நான்காகியிருந்தது.

சொர்க்கவாசல் சேவித்தீர்கள். அது நடந்தது. அன்று விடிந்ததும் ஈரத் தலையோடு மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "சேவிச்சுட்டேண்டி" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். முகம் மெழுகுபோல வெளுத்திருந்தது; அதில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகத்தை நினைக்கும்போது மட்டும் எனக்கு எதற்கு வெட்கப்படுவது, எதற்குப் படக்கூடாது என்று குழம்பிவிடும்.

நான்காம் நாள் பக்கெட்டோடு மாடி ஏறும்போது விழுந்தீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டபோது, மார்கழி பாதியிலிருந்துதான் என்று நீங்களே சொன்னீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன். இம்முறை நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சதையெடுத்துப் பார்த்து, கருப்பைக்குள் வளர்ந்திருப்பது என்ன என்று சொன்னார்கள். ஆபரேஷன், அப்புறம் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள். ஆவணியில் போய்விட்டீர்கள். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

பஸ்ஸுக்குத் தூரம் என்று சொல்லி, ஐப்பசியில் மாடியைக் காலி செய்து தென்னூர் விடுதிக்கு வந்துவிட்டேன். தூரம் காரணமில்லை. மாமா தினமும் தானே தளிகை செய்கிறார். ஒருநாள் என்னை உட்காரவைத்து ரசம் ஊற்றினார். "மாசம் மூணு நாள் நான் வெக்கற ரசத்தை, உங்க மாமி மூக்கைப் பிடிச்சுண்டு சாப்பிடுவா. இப்ப முப்பது நாளும் வெக்கறேன். சிரமமாவே இல்லை, பாரேன்" என்றார். நல்ல ரசம் மாமி. என்னால் அந்த ஒரு டம்ளரைக் குடித்து முடிக்க முடியவில்லை.

கிளினிக்கில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கூட வந்த ஆண்களை முதலில் எழுப்பிவிடுவேன். "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க." முதல் தடவை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவர் முறைத்தார். அவர் மனைவி அவசரமாகத் தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்பேன். பதில் வந்ததும் எழுதமாட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னொரு தடவை கேட்பேன். இரண்டாம் தடவைதான் உண்மை வரும். மணப்பாறை அம்மா முதலில் நாலு நாள் என்றார். இரண்டாம் தடவை அழுதுகொண்டே ஒன்றரை மாதம் என்றார். ஊரில் என் அம்மாவிடமும் போனில் கேட்டேன். இதெல்லாமா போன்ல கேப்ப என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். மறுநாள் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். இது பரிகாரம் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்காகக் கேட்காததை ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் கேட்டு என்ன?

இனி, எதற்காக எழுத ஆரம்பித்தேனோ அது.

போன வாரம் உங்கள் பெண் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வரும் வியாழக்கிழமை உங்கள் வருஷாப்திகத்துக்கு, முதல் வருஷக் காரியத்துக்கு, வருகிறாள். பேச்சுக்கு நடுவில், "அக்கா, இது ரொம்ப நாளா இருந்திருக்கும்னு ஆஸ்பத்திரில சொன்னா. அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மூன்றாவது தடவையாகப் பொய் சொன்னேன். பிறகு, "வாராவாரம் அவகிட்ட ஒரு மணி நேரம் பேசுவேன். என் வேலை, என் பிரெண்ட்ஸ், என் சாப்பாடு. ஒரு தடவை கூட நீ எப்படிம்மா இருக்கேன்னு ஒழுங்கா கேட்டதில்லை. கேட்டிருந்தா சொல்லிருப்பா. நான்தான் கோட்டைவிட்டுட்டேன்" என்றாள்.

அவள் சுமப்பது என்னுடையது, மாமி. அவளுக்கும் நாள் தவறித் தவறி வருகிறதாம். டாக்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது என்றாள். அம்மாவுக்கு என்ன இருந்தது, எத்தனை மாதம் இருந்தது என்று அவளுக்குத் தெரியவேண்டும். அந்த டாக்டருக்கும் தெரியவேண்டும்.

ஆனால் என் தப்பை மட்டும் பிரித்து எடுத்து அவளிடம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தேதி பொய் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அதைச் சொன்னால், ஏழெட்டு மாதம் நீங்கள் அந்த உடம்போடு பெருமாளுக்குத் தளிகை செய்ததும், அந்த உடம்போடு சொர்க்கவாசலில் நின்றதும் வெளியே வரும். அவள் புரிந்துகொள்வாள். மாமா? அவர் பெருமாளுக்கு அமுது படைத்த ஒவ்வொரு நாளையும் திரும்ப எண்ணிப் பார்ப்பாரா, அல்லது டேங்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த உங்களை நினைத்து அழுவாரா, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் உயிரைவிடப் பெரிதாக மறைத்தது அது. அதை எடுத்து வெளியே வைக்க நான் யார்?

அதனால் கேட்கிறேன். அன்று மொட்டைமாடியில் என் கையைப் பிடித்து வாங்கிய சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அவளை மட்டும் மாடிக்குக் கூட்டிப் போய், டேங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்ல என்னை விடுங்கள். மாமா வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்தியதையும் சேர்த்துச் சொல்வேன். அதைக் கேட்டபின் அவள் மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

"அது வந்து டாக்டர்" என்று ஆரம்பித்தீர்களே, மாமி. மீதியை நான் சொல்ல விடுங்கள்.